குறைவாகக் குடிக்கும் புல் எது?
காவிரி நீரை அளந்து குடிக்கும் பெங்களூருக்குத் தாகம் தாங்கும் அருகு தேவை

பெங்களூரில் நம் வீட்டுக் குழாயில் விழுகிற காவிரித் தண்ணீர், மற்ற ஊர்களைப் போல் மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தானாக ஓடி வந்ததல்ல. பள்ளத்திலிருந்து மேட்டுக்கு ஏறி வந்தது. மாண்டியா மாவட்டம் மளவள்ளி தாலுகாவில் உள்ள தொரேகாடனஹள்ளியில் சுத்திகரிக்கப்பட்டு, சுமார் 100 கிலோமீட்டர் தூரம் குழாய்களில் பயணம் செய்து, வழியில் மூன்று கட்டங்களாக ராட்சத பம்புகளால் தூக்கப்பட்டு, ஏறக்குறைய 500 மீட்டர் உயரம் ஏறிய பிறகுதான் அது நம் குடத்துக்கு வருகிறது.

இத்தனை மின்சாரம் செலவழித்து மேலே ஏற்றிய தண்ணீரை மனிதன் குடிக்கிறான். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதே தண்ணீரையும், நிலத்தின் அடியிலிருந்து உறிஞ்சி எடுக்கும் போர்வெல் தண்ணீரையும் நம்மோடு போட்டி போட்டுக் குடிக்கிற இன்னொரு ஜீவனும் இந்த ஊரில் உண்டு. கம்பெனி வாசல்களிலும், அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும், மைதானங்களிலும், பூங்காக்களிலும் பச்சைக் கம்பளமாகப் படுத்திருக்கும் புல்தான் அது.

புல் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. செம்மண் புழுதியை அடக்குவது புல். மழைத் தண்ணீரை மண்ணில் இறங்க விடுவது புல். குழந்தைகள் விழுந்தால் முழங்காலைக் காப்பதும் புல்தான். கேள்வி வேறு. எந்தப் புல்? அது எவ்வளவு குடிக்கும்?

ஏக்கருக்கு மூன்று லாரி

கணக்கு மிக எளிது. ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் நின்றால் அது ஒரு லிட்டர். நல்ல வெயில் காலத்தில் புல்தரை ஒரு நாளைக்கு 4 முதல் 5 மில்லிமீட்டர் வரை தண்ணீரை ஆவியாக்கிவிடும். ஓர் ஏக்கர் என்பது சுமார் 4,000 சதுர மீட்டர். ஆக, ஓர் ஏக்கர் புல்லைப் பசுமை குறையாமல் வைத்திருக்க நாள்தோறும் 16,000 முதல் 20,000 லிட்டர் தேவைப்படும். 6,000 லிட்டர் பிடிக்கும் டேங்கர் லாரியில் மூன்று நடை!

நகரவாசி ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது நம் நாட்டில் குடிநீர்த் திட்டங்களுக்கு வைத்துள்ள அளவு. ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 675 லிட்டர். அப்படியானால் ஓர் ஏக்கர் புல் ஏறக்குறைய 24 முதல் 30 குடும்பங்களின் தண்ணீரைக் குடிக்கிறது. ஸ்ரீராமபுரத்திலும் விவேகநகரிலும் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுக் காத்திருந்த அனுபவம் உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

பெங்களூரில் ஆண்டுக்குச் சராசரியாக 970 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஆனால் பெரும்பகுதி மே மாதத்திலிருந்து அக்டோபர் வரைதான். ஜனவரி முதல் ஏப்ரல் வரை வானம் கையை விரித்துவிடும். செம்மண்ணோ தண்ணீரை நெடுநேரம் பிடித்து வைத்துக்கொள்ளாது. இந்த நான்கு மாதங்களே புல்லுக்கும் சோதனை, புல்லைக் காக்கும் தோட்டக்காரருக்கும் சோதனை.

2024 கோடை சொன்ன பாடம்

2023-ல் பருவமழை பொய்த்தது. கர்நாடகத்தில் 200-க்கு மேற்பட்ட தாலுகாக்கள் வறட்சிப் பகுதிகள் என்று அறிவிக்கப்பட்டன. 2024 மார்ச் மாதத்தில் பெங்களூரில் போர்வெல்கள் வரிசையாக வறண்டன. குடிநீர் வடிகால் வாரியம் உத்தரவு போட்டது: கார் கழுவவோ, தோட்டத்துக்குப் பாய்ச்சவோ, கட்டட வேலைக்கோ குடிநீரைப் பயன்படுத்தக் கூடாது; மீறினால் 5,000 ரூபாய் அபராதம். 2025 பிப்ரவரியில் அதே தடை மறுபடியும் வந்தது.

அந்தக் கோடையில் சின்னசாமி ஸ்டேடியத்தில் ஐ.பி.எல். கிரிக்கெட் பந்தயங்கள் நடந்தன. மைதானத்துக்குக் குடிநீர் தர முடியாது என்ற நிலையில், கப்பன் பார்க்கில் உள்ள கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து நாளொன்றுக்குச் சுமார் 75,000 லிட்டர் சுத்திகரித்த நீர் கொடுப்பதென்று முடிவாயிற்று.

இதற்கு முன்பும் புல்லுக்காக நீதிமன்றப் படியேறிய கதை உண்டு. 2016-ல் மராட்டியம் கடும் வறட்சியில் தவித்தபோது, ஏப்ரல் 30-ஆம் தேதிக்குப் பிறகு நடக்க இருந்த ஐ.பி.எல். பந்தயங்களை அந்த மாநிலத்துக்கு வெளியே மாற்றும்படி பம்பாய் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. மும்பையில் நடக்க வேண்டிய இறுதிப் பந்தயம் எங்கே வந்தது தெரியுமா? நம் பெங்களூருக்கு! எட்டே ஆண்டுகளில் பெங்களூரின் நிலையும் அதுவாகிவிட்டது.

2024 அக்டோபரில் காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் தொடங்கப்பட்டு, நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் கூடுதலாகக் கொண்டுவர வழி செய்யப்பட்டிருக்கிறது. சந்தோஷமான செய்திதான். ஆனாலும் ஊர் வளர்கிற வேகத்தில் எந்தத் திட்டமும் நீண்ட காலம் தாங்காது என்பதை 1974-ல் முதல் கட்டம் வந்த நாளிலிருந்து பார்த்து வருகிறோம். தண்ணீரைப் பெருக்குவது ஒரு வழி. தாகத்தைக் குறைப்பது இன்னொரு வழி. புல் ஆராய்ச்சி இந்த இரண்டாவது வழியைச் சேர்ந்தது.

பிள்ளையாருக்குச் சாத்தும் புல்தான்!

புல்தரை என்ற ஆசை நமக்கு இங்கிலாந்திலிருந்து வந்தது. அங்கே ஆண்டு முழுவதும் தூறல். புல் தானாக வளரும், வெட்டினால் போதும். புல் வெட்டும் இயந்திரத்தைக் கண்டுபிடித்து 1830-ல் காப்புரிமை பெற்றவர் எட்வின் பட்டிங் என்ற ஆங்கிலேயர். ஆனால் அந்த நாட்டுக் குளிர்ப் புற்கள் நம் வெயிலில் நிலைக்காது. நம் தட்பவெப்பத்துக்கு வேண்டியவை வெப்ப நாட்டுப் புற்கள். கம்பு, சோளம், கரும்பு ஆகியவற்றைப் போலவே குறைந்த தண்ணீரில் வெயிலை உணவாக்கத் தெரிந்தவை அவை.

அந்தப் புற்களின் அரசன் எது? வேறு எதுவும் அல்ல. நாம் பிள்ளையாருக்குச் சாத்துகிறோமே, அந்த அருகம்புல்தான். வெளிநாட்டார் அதற்கு 'பெர்முடா புல்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். "ஆல்போல் தழைத்து, அருகுபோல் வேரோடி" என்று கல்யாண வீட்டில் பெரியவர்கள் வாழ்த்துகிறார்கள் அல்லவா? அந்த வாழ்த்தில் தாவர சாஸ்திரமே அடங்கியிருக்கிறது. அருகுக்கு மண்ணின் மேலே ஓடும் தண்டும் உண்டு, மண்ணுக்குள் ஓடும் தண்டும் உண்டு. கணுவுக்குக் கணு வேர் விடும். மேலே உள்ள இலை வெயிலில் கருகினாலும் உள்ளே உயிர் பதுங்கியிருக்கும். ஒரு மழை பெய்தால் மறுபடி தளிர்க்கும். காய்ந்தது வேறு, செத்தது வேறு என்பதை அருகிடம்தான் கற்க வேண்டும்.

விதைப் பொட்டலத்தில் வந்த யோகம்

இந்த அருகை உலக மைதானங்களின் புல்லாக மாற்றியவர்களில் முதன்மையானவர் அமெரிக்க விஞ்ஞானி கிளென் பர்ட்டன். 1936-ல் ஜார்ஜியா மாநிலத்தின் டிஃப்டன் என்ற சிற்றூர் ஆராய்ச்சிப் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்தார். முதலில் அவர் கவனித்தது மாட்டுத் தீவனப் புல்லை. பிறகுதான் பார்வை மைதானப் புல்லின் பக்கம் திரும்பியது.

சாதாரண அருகின் உயிரணுவில் பெரும்பாலும் 36 குரோமோசோம்கள் இருக்கும். தென்னாப்பிரிக்காவில் வளரும் மெல்லிய ஆப்பிரிக்க அருகில் 18 இருக்கும். இரண்டும் கலந்தால் பிறக்கும் புல்லுக்கு 27. ஒற்றைப்படை ஆனதால் ஜோடி சேராது. குதிரைக்கும் கழுதைக்கும் பிறந்த கோவேறு கழுதையைப் போல அதற்கு வம்சம் கிடையாது, விதை முளைக்காது. அதனாலேயே தரை முழுவதும் ஒரே சீராக இருக்கும். தண்டை வெட்டி நட்டுத்தான் பெருக்க வேண்டும்.

1954-ல் ஜோஹன்னஸ்பர்கிலிருந்து வந்த ஆப்பிரிக்க அருகின் விதைகளுக்கு நடுவே இப்படி ஒரு கலப்புச் செடி தற்செயலாக முளைத்தது. அதைத் தனியே எடுத்து வளர்த்து, 1960-ல் 'டிஃப்வே' என்ற பெயரில் வெளியிட்டார்கள். இன்று உலகம் முழுவதும் கால்பந்து மைதானங்களிலும் கோல்ஃப் மைதானங்களிலும் படர்ந்திருக்கிற டிஃப்வே புல் எல்லாம் அந்த ஒரே செடியின் துண்டுகள்.

கம்பு கற்பித்த எச்சரிக்கை

இதே பர்ட்டனுக்கு நம் நாட்டுச் சாப்பாட்டோடும் தொடர்பு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. அவர் டிஃப்டனில் உருவாக்கிய ஒரு கம்புத் தாய் வகையைக் கொண்டுவந்து, லூதியானா வேளாண் பல்கலைக்கழகத்தில் டி.எஸ். அத்வால் வீரிய ஒட்டுக் கம்பு ஒன்றை உருவாக்கினார். 1965-ல் 'எச்.பி.1' என்ற பெயரில் வெளிவந்த அந்தக் கம்பு விளைச்சலைப் பெருக்கியது. அடுத்தடுத்து வந்த ஒட்டு வகைகளுக்கும் தாய் அதே டிஃப்டன் வகைதான். ஆனால் 1970-களின் தொடக்கத்தில் அடிச்சாம்பல் நோய் வந்தபோது, ஒரே தாயின் பிள்ளைகள் எல்லாம் ஒன்றாகப் படுத்துவிட்டன.

புல்லுக்கும் அதே ஆபத்து இருக்கிறது. ஊர் முழுவதும் ஒரே செடியின் துண்டுகளை நட்டு வைத்தால், அந்தச் செடிக்கு ஆகாத பூச்சியோ பூஞ்சையோ வரும் நாளில் ஊர் முழுவதும் மஞ்சளாகும். பிறகு மருந்துக்கும் உரத்துக்கும் பணம் கொட்ட வேண்டும். ஆகவே வெளியூர்ப் புல்லை வாங்கி விரிப்பதோடு வேலை முடிந்துவிடாது. அந்தந்த மண்ணில் பிறந்த பல வகைகளைத் தேடிச் சேர்த்து, அவற்றில் தாங்குகிறவற்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பட்டினி போட்டுத் தேர்வு

தேர்வு எப்படி நடக்கிறது? கேட்டால் கொஞ்சம் இரக்கமற்றதாகத் தோன்றும்.

முதலில் தேடல். ஏரிக்கரை, ரயில் பாதை ஓரம், கோயில் வெளி, உவர் நிலம், கிரிக்கெட் மைதானத்தின் மூலை என்று யாரும் தண்ணீர் ஊற்றாத இடங்களில் உயிரோடிருக்கும் அருகைக் கொண்டு வருகிறார்கள். ஒவ்வொன்றையும் சிறு சிறு பாத்திகளில் நட்டு, எண் போடுகிறார்கள். தரை மூடும் வரை ஒழுங்காகப் பராமரிக்கிறார்கள். பிறகு தண்ணீரை நிறுத்திவிடுகிறார்கள்!

திடீர் மழை பெய்து பரீட்சையைக் கெடுத்துவிடாமல் இருக்க, சில நாடுகளில் தண்டவாளத்தில் உருளும் கூரைகள் உண்டு. தூறல் விழுந்ததும் கூரை தானாக வந்து பாத்திகளை மூடும். எந்தப் பாத்தி எத்தனை நாளில் வாடுகிறது, எது கடைசி வரை பச்சையாக நிற்கிறது, மறுபடி தண்ணீர் விட்டதும் எது முதலில் எழுகிறது என்று குறித்துக்கொண்டே வருகிறார்கள். ஒன்றிலிருந்து ஒன்பது வரை மார்க் உண்டு. ஆறு வாங்கினால் பாஸ்.

அதே பாத்திகளில் உரத்தைப் பாதியாகக் குறைத்துப் பார்க்கிறார்கள். மாதம் எத்தனை முறை வெட்ட வேண்டியிருக்கிறது என்று எண்ணுகிறார்கள். வேர் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று தோண்டிப் பார்க்கிறார்கள். இவ்வளவும் ஓர் ஆண்டில் முடியாது; பல கோடைகளைத் தாண்ட வேண்டும். கடைசியில் நூற்றுக்கணக்கான செடிகளில் ஒன்றோ இரண்டோ தேறும்.

டிஃப்டனில் இப்படித் தேறிய புதிய வகை 'டிஃப்டஃப்'. பழைய டிஃப்வேயை விட 38 சதவிகிதம் குறைந்த தண்ணீரில் அதே தரத்தோடு நிற்கும் என்று ஜார்ஜியா பல்கலைக்கழகம் கூறுகிறது. அது அந்த ஊர்க் கணக்கு. அதே விகிதம் இங்கும் கிடைப்பதாக வைத்துக்கொண்டால், ஏக்கருக்கு 20,000 லிட்டர் கேட்கும் இடத்தில் நாள்தோறும் 7,600 லிட்டர் மிச்சம். பதினோரு குடும்பங்களின் தண்ணீர் அது.

நம் நாட்டிலும் டில்லி பூசா ஆராய்ச்சி நிலையம், கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் புல்தரைப் புற்களைச் சேகரித்து ஒப்பிட்டுப் பார்க்கும் ஆராய்ச்சிகள் நடந்திருக்கின்றன. பெங்களூருக்கு இந்த வேலைக்கு வேண்டிய வசதி குறைவில்லை. ஹெப்பாலில் வேளாண் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஹெசரகட்டாவில் 1967-ல் தொடங்கிய இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1896-ல் நகரத்துக்கு முதன்முதலாகக் குழாய்த் தண்ணீர் கொடுத்ததும் இதே ஹெசரகட்டா ஏரிதான்.

கழிவுநீர் குடிக்கும் புல்

தாகம் தாங்கினால் மட்டும் போதாது. கிடைக்கிற தண்ணீரைக் குடிக்கவும் தெரிய வேண்டும். இனி புல்லுக்குக் கிடைக்கப் போவது பெரும்பாலும் சுத்திகரித்த கழிவுநீர். அதில் உப்பு கூடுதலாக இருக்கும். சில புற்கள் உப்பைக் கண்டால் நுனி கருகும். அருகு ஓரளவு தாங்கும். கடலோரங்களில் வளரும் 'பாஸ்பாலம்' என்ற புல் இன்னும் அதிகமாகத் தாங்கும். கழிவுநீரில் இன்னொரு லாபமும் உண்டு: தழைச்சத்து ஏற்கெனவே கரைந்திருப்பதால் யூரியா செலவு குறையும்.

நிழல் விஷயம் வேறு. அருகு வெயில் குழந்தை. நாளில் ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். மரத்தடியில் போட்டால் மெலிந்து சோர்ந்துவிடும். அப்படிப்பட்ட இடத்தில் நிழல் தாங்கும் அகல இலைப் புல்லைப் போடலாம். புல்லே வேண்டாமென்று சருகைப் பரப்பி வைக்கவும் செய்யலாம். நிழலில் அருகை நட்டு, அது வாடியதும் தண்ணீரைக் கூட்டி, பிறகு உரத்தைக் கூட்டி, கடைசியில் பெயர்த்தெறிவது வீண் செலவு.

தோட்டக்காரர் கையில்

பெங்களூரின் தோட்டக் கலையில் தமிழ்க் கைகளுக்கு நீண்ட சரித்திரம் உண்டு. கரக விழா எடுக்கும் திகளர் சமூகத்தார் தலைமுறை தலைமுறையாக இந்த ஊரின் தோட்டங்களை வளர்த்தவர்கள். அவர்களுடைய வேர் தமிழ்நாட்டில் இருக்கிறது. பிற்காலத்தில் தர்மபுரி, சேலம், வட ஆர்க்காடு பக்கங்களிலிருந்து வந்த நம்மவர்களும் கம்பெனித் தோட்டங்களிலும் குடியிருப்புகளிலும் மண்வெட்டி பிடித்திருக்கிறார்கள். புல் மஞ்சளானால் முதலில் கூப்பிட்டுக் கேட்கப்படுபவர் தோட்டக்காரர். ஆனால் எந்தப் புல்லை வாங்குவது என்று தீர்மானிக்கும்போது அவரை யாரும் கேட்பதில்லை.

புல் வாங்குகிறவர் வழக்கமாகக் கேட்பது இரண்டே கேள்வி: சதுர அடி என்ன விலை? நிறம் எப்படி? நர்சரிகளில் 'செலக்‌ஷன் ஒன்று' என்ற பெயரில் கிடைப்பதும் அருகின் ஒரு வகைதான். 'கொரியன் புல்' மெத்தென்று இருக்கும், மெதுவாக வளரும். எதை வாங்கினாலும் மூன்றாவது கேள்வியையும் கேட்கப் பழக வேண்டும்: ஏப்ரல் மாதத்தில் இதற்கு வாரம் எத்தனை நாள் தண்ணீர் வேண்டும்?

இருக்கிற புல்லிலேயே மிச்சம் பிடிக்கச் சில வழிகள் உண்டு. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தால் வேர் மேலேயே நின்று சோம்பேறியாகிவிடும். நான்கைந்து நாளைக்கு ஒருமுறை, மண்ணில் நன்றாக இறங்கும்படி விடியற்காலையில் பாய்ச்சினால் வேர் தண்ணீரைத் தேடிக் கீழே போகும். கோடையில் ஒட்ட வெட்டாமல் இரண்டு அங்குலம் விட்டு வெட்டுவது நல்லது. ஒரு தடவையில் இலையின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக் கூடாது. வெட்டிய புல்லை அள்ளி எறியாமல் தரையிலேயே விட்டால் அதுவே உரம். கோரை தலை காட்டினால் கிழங்கோடு எடுத்துவிட வேண்டும்.

புதிதாகப் புல் போடுகிறவர்களுக்குப் பழைய சிக்கன முறை ஒன்று இருக்கிறது. நல்ல அருகை வேரோடு பிடுங்கி, இரண்டு அங்குலத் துண்டுகளாக நறுக்கி, செம்மண்ணும் பசுஞ்சாணமும் கலந்த சேற்றில் பிசைந்து, நனைத்த தரையில் சுவர் பூசுவது போலப் பூசிவிட வேண்டும். மேலே சருகு தூவி ஈரம் காத்தால் சில வாரங்களில் துளிர்க்கும். மழை தொடங்கும் ஜூன் மாதத்தில் செய்தால் தண்ணீர்ச் செலவும் பெரும்பாலும் வானத்தின் கணக்கில் போய்விடும்.

எந்த அருகை எடுப்பது என்பதற்கும் விஞ்ஞானியின் முறையே வழிகாட்டி. மார்ச் கடைசியில், யாரும் தண்ணீர் விடாத மேட்டில், சுற்றிலும் எல்லாம் காய்ந்து கிடக்கும்போது பச்சையாக நிற்கிற அருகு எது என்று கவனித்து, அங்கே ஓர் அடையாளக் குச்சி நட்டு வைக்கலாம். ஜூன் மாதம் அதிலிருந்து துண்டு எடுக்கலாம். மழைக்காலத்தில் எல்லாப் புல்லும் பச்சைதான். தரம் தெரிவது கோடையில்.

பசுமை அழகுதான், ஆனால் அதற்கு யார் வீட்டுக் குடத்திலிருந்து தண்ணீர் போகிறது என்ற கேள்வியைத் தள்ளிவைக்க முடியாது. புதிய பூங்கா அமைக்கும்போதும், மைதானம் போடும்போதும், கம்பெனி வாசலை அலங்கரிக்கும்போதும், எந்தப் புல் என்பதைத் தண்ணீர்க் கணக்கோடு சேர்த்துத் தீர்மானிக்க வேண்டும். அந்தக் கணக்கு எழுதும் மேஜையில், ஒவ்வொரு கோடையிலும் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்கும் தோட்டக்காரருக்கும் ஒரு நாற்காலி போட வேண்டும். எந்தப் புல் எவ்வளவு குடிக்கும் என்பது அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.